சிகிச்சை தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு சிடி4 எவ்வளவு தூரம் மீளும்?

கரையோரம் எழுதியது:

நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்தபோதுதான் எனக்கு எச்ஐவி தொற்று இருப்பது தெரியவந்தது. நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான சிடி4 அணுக்களின் எண்ணிக்கை அன்று ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 38. நிமோனியாவுக்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மாத்திரைகளையும் தொடங்கினார்கள். வேளை தவறாமல் உட்கொண்டு வருகிறேன். ஆறு மாதத்திற்குள் வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஆனால் சிடி4 முதல் ஆண்டு முடிவில் 140, இரண்டாம் ஆண்டு முடிவில் 171, அண்மையில் எடுத்தபோது 163. எனக்குப் பின்னால் சிகிச்சைக்கு வந்த சிலர் 500ஐத் தாண்டிவிட்டார்கள். என் வயது 52.

வைரஸ் கட்டுக்குள் இருந்தும் எண்ணிக்கை ஏன் நின்றுவிட்டது, மருந்தை மாற்ற வேண்டுமா, வேறு தொற்றுகள் வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்பவையே என் கேள்விகள். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆய்வுக்கூடத்தார் எழுதியது:

மருத்துவக் காரணங்களை மருத்துவர்கள் சொல்லட்டும். அதற்கு முன் எண்ணைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 171இலிருந்து 163க்கு வந்ததை இறக்கம் என்று கொள்ள வேண்டாம். ஒரே மனிதரிடம், உடல்நிலையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, சிடி4 எண்ணிக்கை ஏறத்தாழ 30 சதவீதம் வரை மேலும் கீழும் அசையும். முற்பகலில் எடுத்த இரத்தத்தில் மாலையைவிடக் குறைவாக இருப்பதும் இயல்புதான்.

கணக்கைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஒருவருக்கு மொத்த வெள்ளணுக்கள் 5,000, அவற்றில் லிம்போசைட்டுகள் 25 சதவீதம், லிம்போசைட்டுகளில் சிடி4 வகை 14 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை 175 வரும். அதே மனிதருக்கு ஒரு சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வெள்ளணுக்கள் 3,600ஆகக் குறைந்து, மற்ற இரண்டு விகிதங்களும் மாறாமல் இருந்தால் எண்ணிக்கை 126. அவருடைய நோய் எதிர்ப்பாற்றல் ஒரு மாதத்தில் கால்பங்கு அழிந்துவிடவில்லை. பெருக்கப்படும் எண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நவீனக் கருவிகள் அணுக்களை நேரடியாக எண்ணிவிடுகின்றன என்றாலும், உடலுக்குள் நிகழும் இந்த ஏற்ற இறக்கத்தை எந்தக் கருவியாலும் நீக்க முடியாது. ஆகவே அறிக்கையில் சிடி4 சதவீதம் என்று தனியாக ஒரு வரி இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். அது எண்ணிக்கையைவிட நிலையானது. காய்ச்சல் இருக்கும்போதோ, தடுப்பூசி போட்ட கையோடோ, ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களிலோ இரத்தம் கொடுக்காமல் இருப்பதும் நல்லது.

பொதுமருத்துவன் எழுதியது:

கரையோரம் அவர்களே, முந்தைய பதிவை அப்படியே ஏற்கிறேன். நீங்கள் 163இல் நிற்பது மருந்தின் தோல்வி அல்ல. மருந்தின் வேலை வைரஸ் பெருகுவதைத் தடுப்பது. அது வேலை செய்கிறதா என்பதற்கு வைரல் லோடுதான் சாட்சி. சிடி4 மீள்வது உங்கள் உடலின் வேலை. அந்த வேலை எத்தனை சேதத்துக்குப் பிறகு தொடங்கியது என்பதைப் பொறுத்தே அதன் வேகமும் எல்லையும் அமைகின்றன.

பொதுவாக, சிகிச்சை தொடங்கிய முதல் ஆண்டில் எண்ணிக்கை 50 முதல் 150 வரை உயரும். அந்த உயர்வின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே வந்துவிடும். இந்த முதல் ஏற்றத்தில் பெரும்பாலானவை புதிதாகப் பிறந்த அணுக்கள் அல்ல. வைரஸ் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் நிணநீர்க் கணுக்களுக்குள் அடைபட்டுக் கிடந்த நினைவு அணுக்கள் (முன்பே ஏதேனும் கிருமியைச் சந்தித்தவை), வைரஸ் அடங்கியதும் இரத்தத்திற்குத் திரும்புகின்றன. அதன் பின்னர்தான் உண்மையான மீட்சி தொடங்குகிறது: தைமஸ் சுரப்பியிலிருந்து இதுவரை எந்தக் கிருமியையும் சந்தித்திராத புதிய அணுக்கள் வர வேண்டும். இந்த இரண்டாம் கட்டம் ஆண்டுக்கு 50 முதல் 100 வரை என்ற மெதுவான நடையில் சில ஆண்டுகள் தொடர்ந்து, ஒரு நிலையில் நின்றுவிடும். உங்களுக்கு முதல் கட்டம் சரியாகவே நடந்திருக்கிறது. இரண்டாம் கட்டம்தான் தயங்குகிறது.

தயக்கத்திற்குக் காரணங்கள் பல. வயது ஏற ஏற தைமஸ் சுருங்கி, கொழுப்புத் திசுவாக மாறுகிறது; 25 வயதுக்காரருக்கும் 52 வயதுக்காரருக்கும் ஒரே மாத்திரை ஒரே பலனைத் தராததற்கு இது முதல் காரணம். அடுத்தது நிணநீர்க் கணுக்களின் நிலை. புதிய அணுக்கள் உயிர்வாழ இன்டர்லூக்கின் 7 என்ற புரதம் வேண்டும்; அதைக் கணுவுக்குள் வலைபோல் பரவியிருக்கும் ஒருவகை நார் அணுக்கள் தருகின்றன. பல ஆண்டுகள் அடங்காத தொற்றினால் ஏற்படும் அழற்சி அந்த இடத்தில் கொலாஜன் என்ற தழும்பு நாரைப் படியவைத்து, வலையைச் சிதைத்துவிடுகிறது. நிலம் இறுகிவிட்டால் நல்ல விதைக்கும் முளைப்பு குறையத்தான் செய்யும். மூன்றாவது குடல். உடலின் சிடி4 அணுக்களில் பெரும்பங்கு குடலின் உட்சுவரை ஒட்டி வாழ்பவை. தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே அவை பெருமளவில் அழிகின்றன, சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்புவதில்லை. சுவர் பலவீனமாக இருப்பதால் குடல் பாக்டீரியாக்களின் கழிவுகள் இரத்தத்தில் கசிந்து, எதிர்ப்பு மண்டலத்தை ஓய்வில்லாமல் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தூண்டலே அணுக்களின் ஆயுளைக் குறைக்கிறது.

200க்கும் கீழே சிகிச்சை தொடங்குபவர்களில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்தினருக்கு, வைரஸ் முழுமையாக அடங்கியிருந்தும், எண்ணிக்கை தாழ்ந்த நிலையிலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் தனி ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மறுதரப்பு எழுதியது:

மருத்துவர் ஐயா விளக்கியது நன்று. ஆனால் "உடலின் வேலை" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை. இன்டர்லூக்கின் 7தான் குறை என்றால் அதை ஊசியாகத் தரலாமே? மூன்று மருந்துகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் எஞ்சிய வைரஸும் ஒழிந்து அழற்சி குறையாதா? எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று விற்கப்படும் சத்துப்பொருட்களையும் பலர் எடுக்கிறார்கள். எதுவுமே பயன் தராது என்பது நம்பக்கூடியதாக இல்லை.

பொதுமருத்துவன் எழுதியது:

நியாயமான கேள்வி. இதே எண்ணம் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இன்டர்லூக்கின் 7க்கு நெருங்கிய உறவான இன்டர்லூக்கின் 2ஐ ஊசியாகக் கொடுத்து எஸ்பிரிட், சில்காட் என்ற இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. இரண்டிலுமாகச் சேர்ந்து 5,800க்கும் மேற்பட்டோர் பங்கேற்று, ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்பட்டார்கள். 2009இல் முடிவு வெளியானது. ஊசி பெற்றவர்களின் சிடி4 உண்மையிலேயே உயர்ந்தது. எஸ்பிரிட்டில் அந்த உயர்வு சராசரியாக 160 அளவுக்கு இருந்தது. ஆனால் நோய்த்தொற்றுகளும் சரி, உயிரிழப்புகளும் சரி, ஊசி பெறாதவர்களைவிடக் குறையவில்லை. மாறாக, கடுமையான பக்கவிளைவுகள் எஸ்பிரிட்டில் கூடின.

இந்த முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். தாளில் எண் ஏறினாலே பாதுகாப்பு ஏறிவிட்டது என்று பொருளல்ல. எந்த வகை அணுக்கள், என்ன வேலை செய்யத் தக்கவை என்பதே கேள்வி. இன்டர்லூக்கின் 7ஐயும் மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். அணுக்கள் கூடின, நோய் குறைந்ததாக நிறுவப்படவில்லை, நடைமுறைச் சிகிச்சையாகவும் அது வரவில்லை.

நான்காவது மருந்தைச் சேர்ப்பதும் அப்படித்தான். வைரஸ் ஏற்கெனவே அடங்கியிருப்பவர்களுக்கு ரால்டெகிராவிர், மராவிராக் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் சிடி4 மீட்சியில் பொருட்படுத்தத்தக்க பலன் கிடைக்கவில்லை. ஆகவே சிடி4 குறைவு என்ற ஒரே காரணத்திற்காக, வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை மாற்றுவதோ கூட்டுவதோ வேண்டாம்.

சத்துப்பொருட்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். டொலுடெகிராவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர்கள் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதனோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. உணவோடு சேர்த்து உட்கொள்ளலாம்; இல்லையேல் டொலுடெகிராவிரை அவற்றுக்கு 2 மணிநேரம் முன்போ 6 மணிநேரம் பின்போ எடுக்க வேண்டும். அலுமினியம், மக்னீசியம் கலந்த அமிலமுறிவு மருந்துகளை உணவோடு எடுத்தாலும் போதாது. அவற்றுக்கு இந்த இடைவெளி கட்டாயம். எதிர்ப்பாற்றலைக் கூட்டப்போய் வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடக் கூடாது.

ஆய்வுக்கூடத்தார் எழுதியது:

மருந்தை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றை இங்கே சேர்க்கிறேன். எச்ஐவியில் முதல் வகை, இரண்டாம் வகை என்று இரண்டு உண்டு. வழக்கமான வைரல் லோடு பரிசோதனை முதல் வகையை மட்டுமே அளக்கிறது. ஒருவருக்கு இரண்டாம் வகைத் தொற்று, அல்லது இரண்டும் சேர்ந்த தொற்று இருந்தால், "கண்டறிய முடியவில்லை" என்ற அறிக்கை இரண்டாம் வகையைப் பற்றி எதையுமே சொல்லாது. போதாக்குறைக்கு, எஃபாவிரென்ஸ், நெவிராபின் ஆகிய மருந்துகள் இரண்டாம் வகையிடம் பலிப்பதில்லை. வைரல் லோடு இல்லை, சிடி4 மட்டும் ஏறவில்லை அல்லது இறங்குகிறது என்றால், தொடக்கத்தில் எடுத்த எச்ஐவி அறிக்கையில் எந்த வகை என்று குறித்திருக்கிறார்கள் என்பதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது நல்லது.

கரையோரம் எழுதியது:

பார்த்துவிட்டேன். முதல் வகை மட்டும் என்றே இருக்கிறது. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளும் இயல்பாக இருக்கின்றன.

பொதுமருத்துவன் எழுதியது:

நல்லது. கல்லீரல் அரிப்பு நோயில் மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனாலும் எண்ணிக்கை குறைந்து தெரியும். சிடோவுடின் போன்று எலும்பு மஜ்ஜையை அடக்கும் மருந்துகள், மறைந்திருக்கும் காசநோய், இரத்தப் புற்று ஆகியவற்றையும் மருத்துவர் ஒருமுறை நினைத்துப் பார்த்து ஒதுக்கியிருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் உங்கள் மருந்துக் கூட்டு அப்படியே தொடரட்டும்.

துணைநிற்பவள் எழுதியது:

நான் ஆலோசகராகப் பணிபுரிபவள். இழை முழுவதும் எண் ஏன் ஏறவில்லை என்பதையே பேசுகிறோம். என் அனுபவத்தில் தாமதமாக வருபவர்களுக்கு அதைவிட ஆபத்தான காலம், எண் வேகமாக ஏறும் முதல் மூன்று மாதங்கள்தான். மாத்திரை தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கழுத்தில் நெறிகட்டி, காய்ச்சல் அடித்து, "மாத்திரை எடுப்பதற்கு முன் நன்றாக இருந்தேன், இப்போதுதான் படுத்துவிட்டேன்" என்று வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பலர் அந்தக் கட்டத்தில் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தொடங்கும் நாளிலேயே இதைச் சொல்லி அனுப்பினால் அவர்களில் பெரும்பாலோர் நிறுத்துவதற்குப் பதிலாகத் திரும்பி வருவார்கள் என்பது என் உறுதியான கருத்து. இதன் மருத்துவப் பின்னணியை மருத்துவர் ஐயா விளக்கினால் நன்றாக இருக்கும்.

பொதுமருத்துவன் எழுதியது:

அம்மா சொல்வது முற்றிலும் சரி. இதை ஐரிஸ் என்கிறோம். எதிர்ப்பாற்றல் அறவே இல்லாத உடலில் கிருமி இருந்தாலும் அழற்சி இருக்காது. காய்ச்சல்கூட வராமல் போகலாம். சிகிச்சை தொடங்கி அணுக்கள் திரும்பியதும் அவை அந்தக் கிருமியை முதன்முறையாக அடையாளம் கண்டு தாக்குகின்றன. அந்தத் தாக்குதலையே நோயாளி நோயாக உணர்கிறார். ஏற்கெனவே சிகிச்சை பெற்றுவந்த காசநோய் திடீரென மோசமாவதுபோல் தோன்றுவது ஒரு வகை. அதுவரை யாருக்கும் தெரியாமல் மறைந்திருந்த தொற்று வெளிப்படுவது இன்னொரு வகை. சிடி4 100க்கும், குறிப்பாக 50க்கும் கீழே இருப்பவர்களுக்கு இது அதிகம். பெரும்பாலானோர் ஏஆர்டியை நிறுத்தாமலேயே இதைக் கடந்துவிடுவார்கள். தேவைப்பட்டால் மருத்துவர் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்.

எப்போது தொடங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். காசநோயும் எச்ஐவியும் சேர்ந்திருந்த, சிடி4 மிகக் குறைந்த நோயாளிகளிடம் கம்போடியாவில் நடந்த கமேலியா ஆய்வு, ஏஆர்டியை எட்டு வாரம் தள்ளாமல் இரண்டே வாரத்தில் தொடங்கினால், ஐரிஸ் கூடினாலும், உயிரிழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2011இல் காட்டியது. மூளையுறையில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்று இருப்பவர்களுக்கோ நிலைமை நேர்மாறு. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014இல் வெளியான கோட் ஆய்வில், ஓரிரு வாரங்களுக்குள் ஏஆர்டி தொடங்கியவர்களில் 45 சதவீதம் பேர் ஆறு மாதத்திற்குள் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம். மண்டைக்குள் அழற்சி வீங்குவதற்கு இடமில்லை. அதனால்தான் சிடி4 குறைவாக இருப்பவர்களுக்கு, தலைவலி இல்லாவிட்டாலும், இரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் (அந்தப் பூஞ்சையின் தடயம்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்கிறார்கள். காசநோய் மூளையுறையைத் தாக்கியிருந்தாலும் அவசரப்படுவதில்லை.

தடுப்பு மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரியாலிட்டி என்ற ஆய்வில், ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் சிடி4 100க்குக் கீழே இருந்த 1,805 பேரில் ஒரு பாதியினருக்கு, வழக்கமான கோட்ரைமாக்சசோலோடு, காசநோய்க்கு எதிரான ஐசோனியாசிட், பூஞ்சைக்கு எதிரான ஃப்ளூகோனசோல், சில நாட்களுக்கு பாக்டீரியாவுக்கு எதிரான அசித்ரோமைசின், ஒரே ஒரு தடவை குடற்புழு மருந்தான ஆல்பெண்டசோல் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 24 வாரங்களில் உயிரிழப்பு 12.2 சதவீதத்திலிருந்து 8.9 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆய்வில் ஏஆர்டியோடு ரால்டெகிராவிரைக் கூடுதலாகச் சேர்த்தது எந்த உயிரையும் கூடுதலாகக் காக்கவில்லை. மறுதரப்பு நண்பர் கேட்டதற்கு இதுவே என் முழுப் பதில்: எண்ணை உயர்த்த மருந்து இல்லை; எண் தாழ்ந்திருக்கும் காலத்தில் ஆளைக் காக்க மருந்து உண்டு, அதுவும் மலிவான பழைய மருந்துகள்.

மறுதரப்பு எழுதியது:

ஏற்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. வைரல் லோடே போதும், சிடி4 பரிசோதனை இனித் தேவையில்லை என்று பல இடங்களில் சொல்கிறார்களே?

ஆய்வுக்கூடத்தார் எழுதியது:

எல்லோருக்கும் பொருந்துகிற வாசகம் அல்ல அது. வைரஸ் அடங்கி, சிடி4 500க்கு மேல் நிலைத்துவிட்டவருக்குத் திரும்பத் திரும்ப எண்ணுவதில் பயனில்லை. வீண் கவலைதான் மிச்சம். 300க்குக் கீழே இருப்பவருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எடுப்பதில் பொருள் உண்டு, ஏனென்றால் தடுப்பு மாத்திரை தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு அதைச் சார்ந்தது. புதிதாகக் கண்டறியப்பட்டவருக்கும், சிகிச்சையை விட்டுவிட்டுத் திரும்புபவருக்கும் இது கட்டாயம். வைரல் லோடு மட்டும் பார்த்தால் 38இல் வந்தவரும் 600இல் வந்தவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள்.

பொதுமருத்துவன் எழுதியது:

கோட்ரைமாக்சசோல் கேள்வி இன்னும் பாக்கி. இதில் வழிகாட்டுதல்கள் ஒன்றுபோல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிடி4 200ஐத் தாண்டி மூன்று மாதங்களுக்கு மேல் நிலைத்தால் நிமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்கான (எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குப் பூஞ்சையால் வருவது) தடுப்பை நிறுத்தலாம் என்பது அமெரிக்க நடைமுறை. 100க்கும் 200க்கும் இடையில் இருந்தாலும், வைரல் லோடு மூன்று முதல் ஆறு மாதங்கள் கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் நிறுத்துவதைப் பரிசீலிக்கலாம் என்றும் அது சொல்கிறது; வைரஸ் அடங்கியிருப்பவர்களிடம் அந்த நிமோனியா மிக அரிதாகவே வருகிறது என்று ஐரோப்பிய நோயாளிகளின் தரவுகள் காட்டியதே இதற்கு அடிப்படை. உலக சுகாதார அமைப்போ 350ஐத் தாண்டிய பிறகே நிறுத்தச் சொல்கிறது. மலேரியாவும் கடும் பாக்டீரியா தொற்றுகளும் மிகுந்த இடங்களில் எண் என்னவாக இருந்தாலும் தொடரச் சொல்கிறது, ஏனென்றால் அந்த மாத்திரை அவற்றையும் தடுக்கிறது.

163இல் இருக்கும் ஒருவர் என்னிடம் வந்தால், ஒவ்வாமையோ இரத்தக் குறைவோ இல்லாதவரை, தொடரச் சொல்வேன். நிறுத்துவதில் கிடைக்கும் ஆதாயம் ஒரு மாத்திரை குறைவது. தொடர்வதில் இழப்பு பெரிதாக இல்லை. இது என் சாய்வு. உங்கள் மருத்துவர் வேறு முடிவெடுத்தால் அவர் தவறு செய்கிறார் என்று பொருளல்ல.

துணைநிற்பவள் எழுதியது:

தடுப்பூசிகளையும் யாராவது சொன்னால் நன்று. 200க்குக் கீழே இருப்பதால் எதையும் போடக்கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பொதுமருத்துவன் எழுதியது:

தவிர்க்க வேண்டியவை உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் மட்டுமே: தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்றவற்றுக்கானவை. காசநோய்க்கான பிசிஜி எந்த எண்ணிலும் வேண்டாம். இன்ஃப்ளூயன்சா ஊசி, நிமோகாக்கல் ஊசி, ஹெபடைட்டிஸ் பி ஊசி ஆகியவற்றை 200க்குக் கீழேயும் போடலாம். பலன் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஹெபடைட்டிஸ் பி ஊசியின் கடைசித் தவணை முடிந்து ஓரிரு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்துவிடுங்கள். அது 10 mIU/mLக்குக் கீழே இருந்தால் தவணைகளை மறுபடியும், பல இடங்களில் இரட்டிப்பு அளவில், போடுவது வழக்கம்.